கெஸ்ட் ரூம் சாவி

ஜூன் 24

பதினெட்டு வயதில் அப்பா முதுகில் உப்புமூட்டை ஏறிக் கல்லூரி விடுதிக்குள் நுழைந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டாவது மாடி. ஹாஸ்டலே படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. "பாத்து, பாத்து" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்தியாவது ஓரமாக நகர வேண்டுமே!

வார்டன் மேடம் என் காலில் மாட்டியிருந்த காலிப்பரையும் ஊன்றுகோலையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்: "இந்தப் புள்ள தினமும் எப்படி ஏறி இறங்கும்?" நான் அங்கே இல்லாத மாதிரிதான் கேள்வி.

"கீழ ஒரு ரூம் குடுத்தீங்கன்னா போதும் மேடம்" என்றார் அப்பா.

"கீழ பூராவும் பைனல் இயர் புள்ளைங்க சார். மெஸ் பக்கம், தண்ணி பக்கம்னு ரெண்டு வருசம் மாடியில கெடந்துட்டு இறங்கி வாராங்க. அது இங்க வழக்கம். கைய வெச்சா சண்டைக்கு வந்துருவாங்க. ரெண்டு நாள் பொறுங்க, ஏதாச்சும் பண்ணுவோம்."

முன்ஹாலில், படிக்கட்டுக்கு நேர் எதிரே, ஒரு அறை பூட்டிக் கிடந்தது. கதவில் 'கெஸ்ட் ரூம்' என்று பலகை. வாசலில் படி கிடையாது, வழுவழுவென்று சரிவுப் பாதை. அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் காதோரம் சொன்னார்: "தாயி, உள்ள வெஸ்டர்ன் இருக்கு. செவத்துல கைப்பிடி கூட வெச்சிருக்கான்."

எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் கிடையாது. பிறந்ததிலிருந்தே என் கால் நரம்புகள் இறுக்கம். குத்துக்கால் போட்டு உட்கார வராது. அதற்காக அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு, விளிம்பு தொடையை அறுக்காமல் இருக்கச் சைக்கிள் ட்யூபை வளைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ராஜ சிம்மாசனமும் அப்பாவின் லோடு ஆட்டோவில் என்னோடு வந்துவிட்டது. மாடியில் கடைசிக் கழிப்பறையில் போட்டுவிட்டுப் போனார்.

அப்பா கிளம்பும்போது அம்மா போனில் சொன்னாள்: "முடியலன்னா வீம்பு பிடிக்காம வந்துரு. தீப்பெட்டி ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலைதான், சொல்லி வெச்சிருக்கேன்."

வர மாட்டேன். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 30

ரூம்மேட் பெயர் பேச்சியம்மாள். ஆலங்குளம் பக்கம். வரலாறு எடுத்திருக்கிறாள், நான் கணக்கு. மனுஷி வாயைத் திறந்தால் மூட மாட்டாள். முதல் நாளே என் ஊன்றுகோலை எடுத்து அறை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுல நடக்கதுக்குத் தனி பெலன் வேணும் போலிருக்கே" என்றாள். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் "பாவம்" என்பார்கள், இல்லாவிட்டால் "தன்னம்பிக்கை" என்பார்கள். இரண்டுமே எனக்குக் குமட்டும்.

ரெண்டு நாள் என்றார்கள். ஆறு நாள் ஆயிற்று.

ஜூலை 5

அறை கேட்டு மனு எழுதினேன். வார்டன் வாங்கிப் படித்துவிட்டு முதல்வரிடம் கொடுக்கச் சொன்னார். முதல்வர் மேடம் கனிவாகப் பேசினார், டீ கூடச் சொன்னார். கடைசியில் வார்டனிடம் கொடுக்கச் சொன்னார்.

டீயை நான் குடிக்கவில்லை. பழக்கமில்லை.

ஜூலை 11

படி இறங்குவது எப்படி என்று ஒரு முறை கண்டுபிடித்துவிட்டேன். ஊன்றுகோல் இரண்டையும் பேச்சி முன்னால் கொண்டுபோவாள். நான் படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகச் சறுக்குவேன். சுடிதாரின் பின்பக்கம் தேய்ந்து போகிறது. ஏறுவதுதான் ஏழரை. பேச்சி பின்னால் நின்று முட்டுக் கொடுக்கிறாள். "தேரு இழுக்க மாதிரி இருக்குட்டி" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டை அறைக்குக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. காய்ச்சல் என்று வார்டன் சீட்டு எழுதினால் உண்டு. பேச்சி துப்பட்டாவுக்குள் தட்டை மறைத்துக் கொண்டு வருகிறாள். அவள் துப்பட்டா எல்லாம் சாம்பார் வாசம்.

ஜூலை 12

இன்று இறங்கவில்லை.

ஜூலை 27

கடைசிக் கழிப்பறைக்கு என் பெயரைச் சேர்த்து 'செம்பா பாத்ரூம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காலையில் நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அவரவர் போகிறார்கள். திரும்ப உள்ளே வைக்கத் தெரியாது. ஈர நாற்காலியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மறு கையில் ஊன்றுகோலோடு போவதற்குள் வரிசையில் நிற்பவர்கள் 'உச்' கொட்டுகிறார்கள். நான் மெதுவானவள்தான். அதற்காகக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஒரு தடவை குறைத்தால் ஒரு சண்டை குறையும். தாகம் என்பது வெறும் பழக்கம்தான் என்று தோன்றுகிறது. மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்க்கிறேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆகஸ்ட் 14

வகுப்புத் தேர்வில் நான்தான் முதல். துறைத் தலைவர் பேப்பரை எல்லோருக்கும் காட்டினார். அம்மாவுக்கு அனுப்பினேன். "சரி, காலப் பாத்துக்கோ" என்று பதில் வந்தது. அவளுக்குக் கணக்கும் கால்தான், எல்லாமும் கால்தான்.

ஆகஸ்ட் 22

நாற்காலியைக் காணோம்.

பாவி மக்கா! ஆய்வுக் குழு வருகிறதாம். கல்லூரிக்குத் தரம் போடுகிற பெரிய குழு. வெள்ளையடிப்பும் பூந்தொட்டியுமாக விடுதி அமர்க்களப்படுகிறது. காலையில் போனால் என் கழிப்பறை காலி. பெருக்கும் அக்காவிடம் கேட்டேன். "கண்ட சாமானையும் அப்புறப்படுத்தணும்னு மேடம் உத்தரவு பாப்பா. ஓட்டச் சேருன்னு நெனச்சு வெளிய போட்டுட்டாங்க."

வார்டனிடம் போய்க் கத்தினேன். உண்மையாகவே கத்தினேன். அவர் என் தோளில் கை வைத்து, "குழு போகட்டும் கண்ணு, புதுசாவே வாங்கித் தாரேன். நீ எவ்வளவு தைரியமான புள்ள!" என்றார். தைரியத்தின் மேலேயா உட்கார முடியும்?

அப்பா போன் பண்ணினார். "நாற்காலி நல்லாருக்கா தாயி? ட்யூபு பிரியலயே?"

"நல்லாருக்குப்பா."

சொன்னால் மறுநாளே ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். பின்னாலேயே அம்மாவும் வருவாள். வந்தால் என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாள்.

ஆகஸ்ட் 26

காலையில் கல்லூரி திறந்ததும் முதல் ஆளாகத் துறைக்குப் போய்விடுகிறேன். அங்கே ஆசிரியர்கள் பக்கம் வெஸ்டர்ன் இருக்கிறது. துறைத் தலைவர் என்னைப் பார்த்து, "பாருங்க, இந்தப் பொண்ணுக்கு எவ்வளவு ஆர்வம்" என்று மற்றப் பெண்களிடம் சொன்னார். நான் நிற்கவே இல்லை. அவசரமாக இருந்தது.

நாலு மணிக்கு அதைப் பூட்டிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு எனக்குச் சேரவில்லை என்று பேச்சியிடம் சொல்லிவிட்டேன்.

"சாப்பாடு சேரல சரி, தண்ணியுமா சேரல?" என்று கேட்டாள்.

"எனக்குத் தாகமே எடுக்காதுட்டி."

"ஒட்டகமாட்டி நீ?"

செப்டம்பர் 3

கிடைத்துவிட்டது! கெஸ்ட் ரூம் எனக்கு!

வார்டன் மேடமே மாடியேறி வந்து சாவியைக் கையில் கொடுத்தார். "உனக்காகத்தான் முதல்வர் மேடம் பேசி வாங்கினாங்க." கதவில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டு 'மாற்றுத்திறனாளி மாணவியர் அறை' என்று புதுப் பலகை. நீல நிறம். பெயின்ட் வாசம் கூடப் போகவில்லை. மெத்தை, மேசை, குளிக்க ஸ்டூல், சுவரில் கைப்பிடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், சின்னப் பிள்ளை மாதிரி.

இரவு சாப்பிட்டேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். மூச்சு விடாமல் குடித்தேன். இன்னொரு சொம்பு குடித்தேன். நினைத்தபோது போனேன். யாரும் கதவைத் தட்டவில்லை.

பேச்சிதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஏட்டி, வெள்ளிக்கிழம குழு வருது. புதன்கிழம ரூம் குடுக்காங்க. ஒனக்கு ஒண்ணும் தோணலையா?"

"உனக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டேன். அவள் என் வாளியை உள்ளே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறவளிடம் வந்து இப்படியா பேசுவது?

செப்டம்பர் 5

குழு வந்தது. நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு அறை வாசலில் நின்றேன். வடக்கத்திப் பேராசிரியை ஒருவர் கழிப்பறை வரைக்கும் உள்ளே போய்ப் பார்த்தார். இங்கே எல்லா வசதியும் கிடைக்கிறதா, குறை ஏதும் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எல்லாம் இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை, கேட்டதும் கொடுத்தார்கள் என்று சொன்னேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இரண்டு நாள் நிம்மதி, நன்றி பொங்கிவிட்டது. பேராசிரியை கை குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். முதல்வர் மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை.

செப்டம்பர் 8

சாயங்காலம் வார்டன் வந்தார். "கண்ணு, தேர்வு வேலைக்கு வெளியூர்ல இருந்து மேடங்கள் வாராங்க. தங்க வேற இடமில்ல. நீ கொஞ்ச நாள் மேல இரு."

"இது என் ரூம் மேடம். பலகை போட்டிருக்கு."

"பலகை இருக்கட்டும். ரூம் எங்க ஓடிப் போகுது?"

சாவியை நான் கொடுக்கவில்லை. மேசை மேல் வைத்தேன். அவராக எடுத்துக்கொண்டார். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது பேச்சி. 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

செப்டம்பர் 9

வெளியூர் மேடம் யாரும் வரவில்லை. அறை பூட்டியிருக்கிறது.

செப்டம்பர் 15

முன்ஹால் சுவரில் என் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். அந்த நீலப் பலகைக்குக் கீழே நின்று ஈ என்று இளிக்கிறேன். படியில் சறுக்கி இறங்கும்போதெல்லாம் எதிரே நானே என்னைப் பார்த்துச் சிரிக்கிறேன். செருப்பால் அடிக்கலாம் போலிருக்கிறது.

முதல்வர் மேடத்திடம் போனேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீயேதானம்மா கமிட்டி முன்னாடி எல்லா வசதியும் இருக்குன்னு சொன்ன? இப்ப இல்லன்னு எழுதிக் கொடுத்தா, அன்னிக்கு நீ பொய் சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

அன்றைக்கு அது பொய் இல்லையே! இதை வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன்.

கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்கிறாள் பேச்சி. சட்டம் இருக்கட்டும், இன்டெர்னல் மார்க் போடுவது யார்?

செப்டம்பர் 19

இடுப்புக்கு மேல், முதுகில் ஒரு பக்கம் வலி. படியில் உட்கார்ந்து இறங்குவதால் இருக்கும். உடம்புச் சூடு. புரட்டாசி பிறந்தும் வெயில் விடவில்லை. மெஸ் அக்காவிடம் வெந்தயம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பேச்சி இளநீர் வாங்கி வந்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது. அவளையே குடிக்கச் சொன்னேன்.

"மூத்திரம் போனா எரியுதா?" என்று நேரடியாகக் கேட்டாள்.

"சீ, போட்டி."

செப்டம்பர் 21

குளிர். போர்வை போதவில்லை. பேச்சி தன்னுடையதையும் போட்டாள். எழுத முடிய

செப்டம்பர் 25

ஆஸ்பத்திரி. கையில் ஊசி ஏறியிருப்பதால் கோணலாக எழுதுகிறேன்.

நான் மயங்கிக் கிடந்தபோது பேச்சிதான் முதுகில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கினாளாம். டாக்டரம்மா என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். அப்பாவை வைத்துக்கொண்டே கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்ப?"

நான் கூரையைப் பார்த்தேன். பேச்சி சொன்னாள்: "மத்தியானத்துக்கு மேல ஒரு சொட்டுக் குடிக்க மாட்டா டாக்டர். பாத்ரூம் போணும்லா."

"உங்க பொண்ணுக்குக் கிட்னில கிருமி ஏறியிருக்கு. ஒண்ணு ரொம்பக் கெட்டுப் போச்சு. அது பழைய மாதிரி வேலை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொண்ணையாவது காப்பாத்திக்கணும். அடக்கி வைக்கவே கூடாது, நிறையத் தண்ணி குடிக்கணும். இல்ல, இதே மாதிரி இன்னொரு தடவ வந்தீங்கன்னா கஷ்டம்."

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நாற்காலி எங்க தாயி?"

அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

செப்டம்பர் 26

அப்பா காலையில் விடுதிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். நாற்காலி கேட்டில்தான் இருந்திருக்கிறது. ஓட்டை மேல் ஒரு பலகையைப் போட்டு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தாராம். ட்யூபைப் பார்த்ததும் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. அது எம் மகளோடது" என்று சொல்லி வாங்கி, வாய்க்காலில் கழுவி, ஆட்டோவில் வைத்திருக்கிறார்.

அம்மா கஞ்சி ஊட்டிவிட்டாள். "போதும்டி. ஒத்தக் கிட்னிய வெச்சுக்கிட்டு ஒனக்கு என்ன கணக்கு வேண்டிக் கெடக்கு? வீட்டுக்குப் போவோம்." அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 4

கெஸ்ட் ரூம். ஆமாம், உள்ளே இருந்துதான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், நாளைக்கு நானே வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது.

காலையில் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்தோம். அம்மா ஆட்டோவிலேயே இருந்தாள். பேச்சி மாடியிலிருந்து என் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை ஆட்டோவிலிருந்து இறக்கி முன்ஹாலில் போட்டார், நான் நிற்க வேண்டாமே என்று. கெஸ்ட் ரூம் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பக்கத்துச் சுவரில் நான் இளித்துக்கொண்டிருந்தேன்.

வார்டன் மேடம் வந்து, "வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடு கண்ணு" என்றார். முதல்வர் மேடமும் வந்திருந்தார், ஆரஞ்சுப் பழத்தோடு.

அப்போதுதான் எனக்குள் என்னவோ ஆயிற்று. "பேச்சி, தண்ணி கொண்டாட்டி" என்றேன். ஒரு சொம்பு குடித்தேன். அடுத்தது கேட்டேன். மூன்றாவது பாதிதான் இறங்கியது. பேச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்காங்க மேடம். அடக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க. சாவி வேணும்."

"சாவி ஆபீஸ் சூப்பரின்டென்ட்டு கிட்ட இருக்கு. அவர் லீவு" என்றார் வார்டன்.

"சரி. நான் இங்கயே இருக்கேன்."

அப்பா, "தாயி, வேண்டாம்" என்றார். அவரைப் பார்த்தால் எழுந்துவிடுவேன் என்று பார்க்கவில்லை. முதல்வர் மேடம் யாருக்கோ போன் போட்டார். எடுக்கவில்லை. வார்டன் அலுவலகத்துக்கு ஓடினார். வகுப்புக்குக் கிளம்பிய பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கூடிவிட்டார்கள். அடிவயிறு கல்லாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட வலித்தது.

"பேச்சி, வாளி" என்றேன்.

அவள் வாளியை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். என் பெட்டியைத் திறந்து போர்வையை எடுத்துப் பிடித்தாள். ஒரு ஓரம் பறந்தது. கீழ் அறைப் பைனல் இயர் அக்கா ஒருத்தி வந்து அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஹாலில் ஒரு பேச்சு மூச்சில்லை. அதனால் சத்தம் முழுக்கக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. முதல்வர் மேடம் ஆரஞ்சுப் பையைப் பிடித்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம், பேச்சி சொன்னாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். என் போட்டோவுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு.

வெட்கத்தில் செத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. யாராவது எழுத வந்தால் வீரம் என்று எழுதிவிடுவார்கள், அதனால் சொல்கிறேன்.

சாவி அதற்கப்புறம் வந்தது. லீவில் போனவரிடம் இல்லை. வார்டன் மேடத்தின் மேசை டிராயரிலேயே இருந்ததாம்.

அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து அறையைப் பார்த்தாள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு என் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். இனி என்னைப் போகச் சொல்லமாட்டார்கள் என்று முதல்வர் மேடம் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா நம்பவில்லை. நாற்காலியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பேச்சி ராத்திரி இங்கேயே படுக்கிறேன் என்று வந்து, படுத்ததும் குறட்டை விடுகிறாள்.

விளக்கணைக்கும் முன்னால் வார்டன் மேடம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. "இவ்வளவு கஷ்டப்படுதேன்னு ஒரு வார்த்த மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா கண்ணு?"

நான் அவரையே பார்த்தேன். அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.